தொப்பிக்காரருக்கு ஏன் பைத்தியம் பிடித்தது?

ஆங்கிலத்தில் "மேட் ஆஸ் எ ஹேட்டர்" என்று ஒரு மரபுத்தொடர் உண்டு. ஹேட்டர் என்றால் தொப்பி செய்பவர், அல்லது தொப்பி விற்பவர். அப்படியே தமிழில் எழுதினால் "தொப்பிக்காரனைப் போலப் பைத்தியம்" என்று வரும். நம் ஊரில் ஒருவரைப் பற்றி "அவன் மறை கழண்ட கேஸ்" என்று சொல்வோமே, கிட்டத்தட்ட அதே பொருள்தான். நிஜமாகவே மனநோய் என்று சொல்வதற்கு இதைப் பயன்படுத்துவதில்லை. ஆள் ஒரு மாதிரி, எந்த நேரத்தில் என்ன பேசுவார் என்று தெரியாது என்று கேலியாகச் சொல்வதற்குத்தான்.

சரி, ஊரில் எத்தனையோ தொழில் இருக்கிறது. தச்சர் இருக்கிறார், கொல்லர் இருக்கிறார், தையல்காரர் இருக்கிறார். இவர்களை எல்லாம் விட்டுவிட்டு தொப்பி செய்பவரை மட்டும் ஏன் பைத்தியத்துக்கு உதாரணமாகப் பிடித்தார்கள்?

இதற்கு எல்லோரும் சொல்லும் பதில் ஒன்று இருக்கிறது. தொப்பி செய்வதற்குப் பாதரசம் பயன்படுத்தினார்கள். அது தொழிலாளர்களின் மூளையைப் பாதித்தது. அதிலிருந்துதான் இந்தத் தொடர் வந்தது. பொது அறிவுப் புத்தகம், வினாடி வினா, இணையம் என்று எங்கு தேடினாலும் இதே பதில்தான் கிடைக்கும்.

இந்தப் பதிலில் பாதி நூற்றுக்கு நூறு உண்மை. மறுபாதி அவ்வளவு உறுதியானது இல்லை! எது எந்தப் பாதி என்று பிரித்துப் பார்க்கப் போனால், ஒரு சொல்லின் வரலாற்றைவிடப் பெரிய வரலாறு ஒன்று வெளியே வருகிறது.

ஆலிஸின் தேநீர் விருந்து

இந்தத் தொடரைக் கேட்டதும் பலருக்கும் நினைவுக்கு வருவது "ஆலிஸின் அற்புத உலகம்" கதைதான். 1865ல் வெளிவந்த இந்தக் கதையை எழுதியவர் லூயிஸ் கரோல். அது புனைபெயர். உண்மைப் பெயர் சார்லஸ் லுட்விட்ஜ் டாட்சன். ஆக்ஸ்ஃபோர்டில் கணித விரிவுரையாளராக இருந்தவர். கதையில் ஓர் அத்தியாயம் முழுக்க ஒரு பைத்தியக்காரத் தேநீர் விருந்து நடக்கும். அதில் தொப்பிக்காரர் ஒருவரும், மார்ச் மாதத்து முயல் ஒன்றும், ஒரு தூங்குமூஞ்சி எலியும் உட்கார்ந்திருப்பார்கள். தொப்பிக்காரருக்குக் காலம் மாலை 6 மணியிலேயே நின்றுவிட்டது. அதனால் எப்போது பார்த்தாலும் தேநீர் நேரம்தான்.

பலர் நினைப்பது போல இந்தத் தொடரை லூயிஸ் கரோல் உண்டாக்கவில்லை. புத்தகம் வருவதற்கு 36 வருடங்களுக்கு முன்பே, 1829ல், ஸ்காட்லாந்தின் பிளாக்வுட்ஸ் எடின்பரோ பத்திரிகையில் இந்தத் தொடர் அச்சாகி இருக்கிறது. 1830களில் கனடாவின் நோவா ஸ்கோஷியாவைச் சேர்ந்த ஹாலிபர்ட்டன் என்ற எழுத்தாளரும் பயன்படுத்தி இருக்கிறார். ஆக, கடல் தாண்டியும் மக்கள் வாயில் புழங்கிக்கொண்டிருந்த பேச்சு இது. கரோல் செய்தது, அந்தப் பேச்சுக்குக் கையும் காலும் வைத்து ஒரு ஆளாக நடமாட விட்டதுதான்.

பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் முயலும் அப்படித்தான். "மார்ச் மாதத்து முயல் மாதிரிப் பைத்தியம்" என்பது இன்னும் பழைய தொடர். 16ம் நூற்றாண்டிலேயே இருக்கிறது. மார்ச் மாதம் அங்கே காட்டு முயல்களின் இனப்பெருக்கக் காலம். வயலில் அவை குதிப்பதையும் ஒன்றை ஒன்று அறைவதையும் பார்த்து வந்த பேச்சு. இரண்டு பழைய பைத்தியங்களை ஒரே மேசையில் உட்காரவைத்துவிட்டார் கரோல், அவ்வளவுதான். இந்த முயலும் தொப்பியும் சேர்வதில் இன்னொரு வேடிக்கை இருக்கிறது. அது கொஞ்ச நேரத்தில் தெரியும்.

புத்தகத்துக்குப் படம் வரைந்தவர் ஜான் டென்னியல். தொப்பிக்காரரின் தொப்பியில் ஒரு சீட்டு செருகி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதில் 10/6 என்று இருக்கும். தேதி இல்லை, ஏதோ ரகசிய எண்ணும் இல்லை. விலைச்சீட்டு! 10 ஷில்லிங் 6 பென்ஸ். அதாவது அரை கினி. அவர் தலையில் இருப்பது அவருடைய சொந்தத் தொப்பி இல்லை, விற்பனைச் சரக்கு. கதையில் நீதிமன்றக் காட்சியில் அவரே அதை ஒப்புக்கொள்வார்.

தொப்பி எப்படிச் செய்தார்கள்?

இப்போது கதையை விட்டுத் தொழிலுக்கு வருவோம். 

அந்தக் காலத்து ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தொப்பி இல்லாமல் ஒரு ஆண் தெருவில் இறங்குவது, இன்று சட்டை இல்லாமல் இறங்குவது மாதிரி. பணக்காரர் முதல் கூலிக்காரர் வரை எல்லோர் தலையிலும் தொப்பி இருந்தது. நல்ல தொப்பி என்றால் அது ஃபெல்ட் தொப்பி. ஃபெல்ட் என்பது நெய்த துணி கிடையாது. விலங்கின் ரோமத்தை ஈரத்திலும் சூட்டிலும் அழுத்தித் தேய்த்துத் தேய்த்து, ஒன்றோடு ஒன்று பின்னிக்கொள்ள வைத்துச் செய்வது. தறியும் இல்லை, நூலும் இல்லை.

இதற்கு மிகச் சிறந்தது பீவர் என்ற நீர்வாழ் விலங்கின் ரோமம். அதன் அடிரோமத்தில் நுண்ணிய கொக்கிகள் போன்ற அமைப்பு இருப்பதால் தானாகவே பின்னிக்கொள்ளும். ஐரோப்பாவில் பீவர்களை வேட்டையாடித் தீர்த்த பிறகு வட அமெரிக்காவுக்குப் போனார்கள். 1670ல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸ் சாசனம் கொடுத்துத் தொடங்கிய ஹட்சன் பே கம்பெனியின் முக்கிய வியாபாரமே பீவர் தோல்தான். லண்டன்காரர் தலையில் வைக்கும் தொப்பிக்காக ஒரு கண்டத்தின் பாதி அளக்கப்பட்டது என்று சொன்னால் பெரிய மிகை இல்லை.

ஆனால் பீவர் விலை ஏறிக்கொண்டே போனது. மலிவான மாற்று வேண்டும். முயல் ரோமம் மலிவு. வீட்டு முயல், காட்டு முயல் இரண்டும் ஏராளமாகக் கிடைத்தன. ஆனால் அந்த ரோமம் வழவழப்பானது, சுலபத்தில் பின்னிக்கொள்ளாது. இங்கேதான் பாதரசம் உள்ளே வருகிறது.

நைட்ரிக் அமிலத்தில் பாதரசத்தைக் கரைத்து, அந்தக் கரைசலைத் தோலின் ரோமத்தின் மேல் தூரிகையால் பூசினார்கள். அது ரோமத்தின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கி முறுக்கிவிடும். பிறகு அது அருமையாகப் பின்னிக்கொள்ளும். காயவைக்கும்போது ரோமத்தின் நுனி ஆரஞ்சு நிறமாக மாறும். அதனால் இந்த வேலைக்கே "கேரட்டிங்" என்று பெயர். ஆமாம், சாப்பிடும் கேரட்தான்!

இந்த முறை எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது என்பதற்கு ஒரு கதை சொல்வார்கள். பிரான்சில் தொழிலாளர்கள் ரோமத்தை நனைக்கத் தங்கள் சிறுநீரையே பயன்படுத்தினார்களாம். அதில் ஒருவர் செய்த ஃபெல்ட் மட்டும் எப்போதும் உயர்தரமாக வந்ததாம். விசாரித்தால், அவர் பால்வினை நோய்க்குப் பாதரச மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம். கேட்கச் சுவையான கதை. ஆதாரம்தான் கிடையாது. ஆனால் பாதரசம் அந்த நாட்களில் மருந்தாக இருந்தது என்பது உண்மை. மருந்துக்கடையில் விற்கும் பொருளை யாரும் விஷமாக நினைக்கவில்லை என்பதையும் இந்த இடத்தில் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கையில் ஆரம்பித்த நடுக்கம்

பாதரசத்தின் குணம் என்னவென்றால், சாதாரண அறை வெப்பத்திலேயே அது கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. சூடு படுத்தினால் இன்னும் அதிகமாக ஆவியாகும். தொப்பி செய்வதில் அநேகமாக எல்லாக் கட்டத்திலும் சூடு உண்டு. பூசிய தோலை உலர்த்துவது சூட்டில். ரோமத்தைக் கூம்பாகப் படியவைத்து, வெந்நீரில் நனைத்து உருட்டிச் சுருக்குவது சூட்டில். மர அச்சில் மாட்டி நீராவி காட்டி வடிவம் கொடுப்பதும் சூட்டில். ரோமத்தை வெட்டும் அறையிலோ பாதரசம் ஒட்டிய தூசு. ஒரு தொழிலாளி காலையில் உள்ளே போய் மாலை வெளியே வரும்வரை அதைத்தான் சுவாசித்தார்.

சுவாசத்தில் போகும் பாதரச ஆவியில் பெரும்பகுதி நுரையீரல் வழியாக ரத்தத்தில் கலந்துவிடும். அங்கிருந்து மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போகும். முதலில் விரல் நடுங்கும். பிறகு கை, உதடு, நாக்கு, கால். கையெழுத்து கோணலாகும். சட்டைப் பொத்தான் போட முடியாது. எச்சில் நிற்காமல் ஊறும். ஈறு வீங்கிப் பல் ஆடும். கடைசியில் மனம். தூக்கம் வராது, ஞாபகம் தப்பும். சம்பந்தமே இல்லாமல் கோபம் வரும். இன்னொரு விசித்திரமான அறிகுறியும் உண்டு. அளவு கடந்த கூச்சம். யாராவது பார்த்தால் பயம். பக்கத்தில் வந்து நின்றால் கையில் இருக்கும் வேலை ஓடாது. மருத்துவத்தில் இந்த மனநிலைக்கு எரெதிசம் என்று பெயர்.

தொழிலால் வரும் நோய்களைப் பற்றி 1700லேயே ஒரு முழுப் புத்தகம் வந்துவிட்டது. எழுதியவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி என்ற இத்தாலிய மருத்துவர். கண்ணாடிக்குப் பின்னால் ரசம் பூசுபவர்களும், பாதரசம் கொண்டு தங்க முலாம் பூசுபவர்களும் படும் அவதியை அதில் எழுதி இருக்கிறார். நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு "நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்?" என்ற கேள்வியையும் மருத்துவர்கள் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் சொன்ன முக்கியமான விஷயம்.

தொப்பித் தொழிலில் இந்தக் கேள்வியை ஒழுங்காகக் கேட்க இன்னும் 160 வருடங்கள் பிடித்தது! 1860ல் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் ஃப்ரீமன் என்ற மருத்துவர், அங்கிருந்த தொப்பித் தொழிலாளர்களிடம் பாதரச நோய் பரவி இருப்பதை மருத்துவச் சங்கத்துக்கு அறிக்கையாகக் கொடுத்தார். அறைகளில் காற்றோட்டம் வேண்டும் என்பதும் அப்போதே தெரிந்ததுதான். ஆனால் தொழில் முறை மாறவில்லை.

லிங்கனைச் சுட்டவனைச் சுட்டவர்

தொப்பித் தொழிலாளர்களில் வரலாற்றில் பெயர் நின்றவர் ஒருவர் இருக்கிறார். பாஸ்டன் கார்பெட். 1832ல் லண்டனில் பிறந்தவர். சிறு வயதிலேயே அமெரிக்கா போய் தொப்பித் தொழில் கற்றார். மனைவி பிரசவத்தில் இறந்த பிறகு குடியில் விழுந்து, பிறகு தீவிரமான மதப்பற்றில் விழுந்தார். 1858ல் பாவ எண்ணம் வரக் கூடாது என்று கத்தரிக்கோலால் தனக்குத்தானே ஆண்மை நீக்கம் செய்துகொண்டார். உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் சேர்ந்தார். ஆபிரகாம் லிங்கனைக் கொன்ற ஜான் வில்க்ஸ் பூத்தை 1865 ஏப்ரல் 26ம் தேதி வர்ஜீனியாவில் ஒரு புகையிலைக் கொட்டகையில் படையினர் சுற்றி வளைத்தபோது, பலகை இடுக்கு வழியாகச் சுட்டவர் இந்த கார்பெட்தான். பூத்தை உயிரோடு பிடிக்கத்தான் படை போயிருந்தது.

போருக்குப் பிறகும் அவர் தொப்பி வேலைக்குத் திரும்பினார். யாரோ தன்னைக் கொல்ல வருகிறார்கள் என்ற சந்தேகம் வளர்ந்துகொண்டே போனது. 1887ல் கன்சாஸ் மாநிலச் சட்டமன்றத்தில் வாயிற்காவலர் வேலையில் இருந்தபோது துப்பாக்கியை உருவி எல்லோரையும் மிரட்டினார். மனநல விடுதியில் அடைத்தார்கள். 1888ல் அங்கிருந்து தப்பி ஓடினார். அதன் பிறகு என்ன ஆனார் என்று தெரியவில்லை.

அவருக்கு வந்தது பாதரசத்தால்தான் என்று இப்போது நிரூபிக்க வழியில்லை. ஆனால் அவர் வாழ்க்கையை எழுதுகிறவர்கள் அவர் செய்த தொழிலைச் சொல்லாமல் தாண்டுவதில்லை.

அப்படியானால் தொடர் அங்கிருந்துதான் வந்ததா?

இப்போது உறுதியில்லாத பாதிக்கு வருவோம். தொப்பித் தொழிலாளர்கள் பாதரசத்தால் பாதிக்கப்பட்டது உண்மை. ஆனால் அதனால்தான் இந்தத் தொடர் பிறந்தது என்று சொல்ல நேரடிச் சான்று கிடையாது. 1829ல் அச்சான இடத்தில் பாதரசத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. பொருத்தமாக இருக்கிறது என்பதால் பின்னால் வந்தவர்கள் முடிச்சுப் போட்டதாகவும் இருக்கலாம்.

வேறு விளக்கங்களும் உண்டு. "ஹேட்டர்" என்பது உண்மையில் "ஆடர்", அதாவது விரியன் பாம்பு, என்று இருந்து மருவியது என்பது ஒரு கட்சி. பாம்பு மாதிரிச் சீறுகிறவன் என்று பொருள் வருமாம். இதுவும் ஊகம்தான். 17ம் நூற்றாண்டில் செஷம் என்ற ஊரில் தொப்பி விற்ற ராஜர் கிராப் என்பவரைச் சொல்வது இன்னொரு கட்சி. அவர் சொத்தை எல்லாம் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, இறைச்சியை விட்டு, கீரையும் புல்லும் தின்று துறவியாக வாழ்ந்தவர். ஆனால் அவர் இறந்தது 1680ல். தொடர் அச்சில் தெரிவது அதற்குச் சுமார் 150 வருடங்கள் கழித்து. நடுவில் இவ்வளவு காலம் அந்தப் பேச்சு எங்கே ஒளிந்திருந்தது?

ஆக்ஸ்ஃபோர்டில் மேசை நாற்காலிக் கடை வைத்திருந்த தியோஃபிலஸ் கார்ட்டர் என்பவரைப் பார்த்துத்தான் டென்னியல் படம் வரைந்தார் என்றும் சொல்வார்கள். உயரத் தொப்பி போட்டுக் கடை வாசலில் நிற்பாராம். இது உண்மையாகவே இருந்தாலும் படம் எங்கிருந்து வந்தது என்றுதான் விளக்கும், தொடர் எங்கிருந்து வந்தது என்று விளக்காது.

1983ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வால்ட்ரன் என்ற மருத்துவர் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். கதையில் வரும் தொப்பிக்காரருக்குப் பாதரச நோய் இருந்ததா என்பதுதான் கேள்வி. அவருடைய பதில், இல்லை. பாதரச நோயாளி கூச்சப்பட்டு ஒதுங்குவார். கரோலின் தொப்பிக்காரரோ விருந்து வைக்கிறார், விடுகதை போடுகிறார், வந்தவரிடம் வாயாடுகிறார். அறிகுறி ஒத்துவரவில்லை!

இதற்கு ஒரு பதில் வாதமும் வைக்கலாம். அதே கதையில் பின்னால் நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல வரும்போது இந்தத் தொப்பிக்காரர் நடுங்குகிற நடுக்கத்தில் இரண்டு காலணிகளும் கழன்றுவிடும். ஆனால் எதிரே ராணி தலையை வெட்டச் சொல்லத் தயாராக உட்கார்ந்திருக்கிறார். அந்த நிலையில் பாதரசம் இல்லாமலே யாருக்கும் நடுங்கத்தான் செய்யும் :-)

ஆக, நேர்மையாகச் சொல்ல வேண்டுமானால், பாதரசம் ஒரு வலுவான ஊகம், தீர்ந்த முடிவு இல்லை. ஆனால் ஒன்று நிச்சயம். தொடர் எங்கிருந்து வந்திருந்தாலும் சரி, அது ஊரெல்லாம் வேடிக்கையாகப் புழங்கிக்கொண்டிருந்த அதே காலத்தில், தொப்பிக்கூடங்களில் நிஜமான மனிதர்கள் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். (முயலின் வேடிக்கை இதுதான். கரோலின் மேசையில் தொப்பிக்காரரும் முயலும் நண்பர்கள். நிஜத்தில் முயலின் ரோமம்தான் தொப்பிக்காரரின் வேலைக்குப் பாதரசத்தைக் கொண்டுவந்தது.)

டான்பரி என்ற தொப்பி நகரம்

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் டான்பரி என்று ஓர் ஊர். 1780 வாக்கில் சிறிய அளவில் தொடங்கிய தொப்பித் தொழில் அங்கே ஊரையே விழுங்கிவிட்டது. உலகத்தின் தொப்பி நகரம் என்று பெயர். அந்த வட்டாரத்தில் கை நடுக்கத்துக்கே "டான்பரி நடுக்கம்" என்று பெயர் வந்துவிட்டது. ஒரு நோய்க்குத் தன் பெயரைக் கொடுப்பதை எந்த ஊரும் விரும்பாது. தெரியாதவர்கள் பார்த்தால் குடிகாரர் என்றுதான் நினைப்பார்கள். நடுங்குகிற கை, தடுமாறும் நடை, சிடுசிடுப்பு, எல்லாமே குடிக்கும் பொருந்துகிறதே!

தொழிலாளர்கள் ஏன் வேலையை விடவில்லை என்று கேட்கத் தோன்றும். அந்த ஊரில் வேறு பெரிய வேலை கிடையாது. கற்ற தொழில் அது ஒன்றுதான். கை நடுங்கினாலும் அடுத்த வாரக் கூலி வேண்டும்.

சங்கம் இருந்தது. ஆனால் சங்கத்துக்கே பெரிய அடி விழுந்தது. வணிகச் சட்டம் படிப்பவர்கள் அறிந்திருக்க வேண்டிய வழக்கு இது. டான்பரியில் லோவி என்பவரின் தொப்பி ஆலை சங்கத்தை அங்கீகரிக்க மறுத்தது. 1902ல் வேலைநிறுத்தம் தொடங்கியது. அந்த ஆலையின் தொப்பிகளை நாடு முழுவதும் யாரும் வாங்க வேண்டாம், கடைகள் விற்க வேண்டாம் என்று சங்கம் புறக்கணிப்பு நடத்தியது. லோவி நீதிமன்றம் போனார். பெரிய முதலாளிகள் கூட்டுச் சேர்ந்து சந்தையை வளைப்பதைத் தடுக்க 1890ல் கொண்டுவந்த ஷெர்மன் சட்டத்தை, தொழிலாளர்கள் மேலேயே திருப்பினார். 1908ல் அமெரிக்க உச்சநீதிமன்றம் அந்தச் சட்டம் தொழிற்சங்கப் புறக்கணிப்புக்கும் பொருந்தும் என்று தீர்ப்புச் சொன்னது. அந்தச் சட்டத்தில் நஷ்டஈடு மூன்று மடங்கு. 1915ல் அது உறுதியானது. கட்ட வேண்டியது 2 லட்சம் டாலருக்கு மேல். சங்கம் மட்டும் அல்ல, உறுப்பினர்களும் தனிப்பட்ட முறையில் பொறுப்பு. தொழிலாளர்களின் வீடும் வங்கிச் சேமிப்பும் வழக்கில் மாட்டிக்கொண்டன. நாடு முழுவதும் இருந்த மற்ற சங்கத் தொழிலாளர்கள் நிதி திரட்டிக் கொடுத்துத்தான் அவர்கள் மீண்டார்கள்.

அந்த வழக்கு பாதரசத்தைப் பற்றியது இல்லை, சங்க அங்கீகாரத்தைப் பற்றியது. ஆனால் ஒன்றைக் கவனிக்கலாம். புறக்கணிப்பால் முதலாளிக்கு வந்த நஷ்டத்துக்குக் கணக்கு இருந்தது, பில் இருந்தது, அதை மூன்றால் பெருக்கச் சட்டம் இருந்தது. தொழிலாளிக்கு வந்த நடுக்கத்துக்கு எந்தப் பேரேட்டிலும் ஒரு வரி இல்லை. பொருளாதாரப் பாடத்தில் "எக்ஸ்டர்னாலிட்டி" என்று படிக்கிறோமே, அதாவது ஒரு பொருளின் விலையில் சேராமல் வேறு யாரோ சுமக்கும் செலவு, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. 10 ஷில்லிங் 6 பென்ஸ் என்று சீட்டு போட்ட அந்த விலையில் ரோமம் உண்டு, கூலி உண்டு, லாபம் உண்டு. செய்தவரின் நரம்பு மட்டும் கிடையாது.

முடிவுக்குக் கொண்டுவந்தது யார்?

20ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆலிஸ் ஹாமில்டன் என்ற பெண் மருத்துவர் (இவரும் ஓர் ஆலிஸ்!) அமெரிக்காவின் அபாயத் தொழில்களை எல்லாம் ஆலை ஆலையாகப் போய் ஆராய்ந்தார். தொப்பித் தொழிலும் அதில் ஒன்று. 1930களின் இறுதியில் அரசின் பொதுச் சுகாதாரத் துறை கனெக்டிகட் ஆலைகளில் முறையாக ஆய்வு செய்தது. சுமார் பத்தில் ஒரு தொழிலாளிக்குப் பாதரச நோய் இருந்தது தெரிந்தது.

1941 டிசம்பர் 1ம் தேதியோடு அமெரிக்கத் தொப்பித் தொழிலில் பாதரசம் நிறுத்தப்பட்டது. இதில் மருத்துவர்களின் பங்கு உண்டு. ஆனால் இன்னொரு காரணமும் உண்டு. போர் நெருங்கிக்கொண்டிருந்தது. குண்டுகளை வெடிக்கச் செய்யும் டெட்டனேட்டர்களுக்குப் பாதரசம் தேவைப்பட்டது. தொப்பிக்கு அதை வீணாக்க முடியாது. அடுத்த 6 நாட்களில் பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டது. தொப்பி ஆலைகள் ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற மாற்றுகளுக்குப் போயின. தொப்பி அதிலும் நன்றாகவே வந்தது! மாற்று இருந்திருக்கிறது. அதைத் தேட ஓர் அவசரம்தான் இல்லாமல் இருந்திருக்கிறது. தொழிலாளியின் கை நடுங்கியபோது வராத அவசரம், ராணுவத்துக்குப் பாதரசம் வேண்டும் என்றபோது வந்தது.

டான்பரியில் தொப்பித் தொழில் பிறகு ஓய்ந்தது. ஆனால் அந்த ஊர் வழியாக ஓடும் ஸ்டில் நதியின் அடிமண்ணில் பல பத்தாண்டுகள் கழித்து ஆராய்ந்தபோதும் பாதரசம் இருந்தது.

கொடைக்கானல் வரை

இது ஏதோ வெள்ளைக்காரர் ஊர்ப் பழங்கதை என்று மூடிவைக்க முடியாது. நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுனில் இருந்த பாதரச வெப்பமானி ஆலை ஒன்று 1980களில் கொடைக்கானலுக்கு இடம் மாறியது. பிறகு அது இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் கைக்கு வந்தது. 2001 மார்ச்சில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடிக் கழிவு அந்த ஊரின் பழைய சாமான் கடை ஒன்றில் கிடந்தது வெளியே தெரிந்து, மக்கள் போராடி, ஆலை மூடப்பட்டது. வேலை செய்தவர்கள் சிறுநீரகக் கோளாறும் நரம்புக் கோளாறும் வந்ததாகச் சொன்னார்கள். ஆலை வேலையால் உடல்நலம் கெட்டதற்கு ஆதாரம் இல்லை என்பது நிறுவனத்தின் நிலை. 15 வருட இழுபறிக்குப் பிறகு 2016ல் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது.

உலக அளவில் பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் 2013ல் ஜப்பானில் கையெழுத்தானது. 2017ல் நடைமுறைக்கு வந்தது. 2018ல் இந்தியா அதை உறுதி செய்தது. பாதரசம் கலந்த மீனைத் தின்று ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்ட மினமாட்டா என்ற ஊரின் பெயரையே அந்த ஒப்பந்தத்துக்கு வைத்திருக்கிறார்கள். கூடவே டான்பரியின் பெயரையும் நினைத்துக்கொள்ளலாம்.

முடிவாக

"மேட் ஆஸ் எ ஹேட்டர்" என்பதன் பொருள், முழுப் பைத்தியம், கிறுக்கு, கோமாளித்தனம். முதலில் அச்சில் தெரிவது 1829. உலகப் புகழ் கொடுத்தது 1865ல் வந்த ஆலிஸ். பாதரசத்தோடு உள்ள உறவு நம்பத் தகுந்தது, ஆனால் நிரூபிக்கப்படாதது. தேர்வில் கேட்டால் இவ்வளவு எழுதினால் போதும்.

தேர்வுக்கு வெளியே இன்னும் கொஞ்சம் இருக்கிறது. ஒருவர் நடுங்குகிறார், சிடுசிடுக்கிறார், யாரையும் பார்க்கக் கூச்சப்படுகிறார் என்றால் ஊர் உடனே ஒரு பெயர் வைத்துச் சிரிக்கிறது. ராமஸ்ஸினி 1700ல் கேட்கச் சொன்ன கேள்வியை யாரும் கேட்பதில்லை. "நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்?" தொப்பிக்காரர் விஷயத்தில் பதிலைக் கேட்கக்கூடத் தேவை இருக்கவில்லை. தொழிலின் பெயர் அந்தத் தொடரிலேயே இருந்தது. அதைச் சொல்லிச் சிரித்தவர்கள் தலையிலும் அவர் செய்த தொப்பிதான் இருந்தது.